இடிந்த கோட்டையும் வரும் பறவையும்

பாழ்பட்ட கோட்டைகளைக் காணச் செல்லுதல் வீண்பொழுது என்று எண்ணுவார் பலர். ‘கல் கிடக்கிறது, முள் கிடக்கிறது, அதிற் காண்பதற்கு என்ன உண்டு?’ என்பது அவர்தம் கேள்வி. நம் கல்லூரி நண்பருள்ளும் அங்ஙனம் வினவுவார் உளர். அவர்க்கு விடையாக, நம் வாயிலுக்கு அணித்தேயுள்ள பாழ்ங்கோட்டை ஒன்றைப்பற்றி எம் கருத்தை இம்மலரில் வெளியிடத் துணிந்தோம்.

முதற்கண் ஜப்பான் தேசத்தை நோக்குவோம். அங்கே 1873ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் ஆணையிட்டுப் பழங்கோட்டைகள் பலவற்றை இடிப்பித்தனர். தகாத்தோ என்னும் ஊர்க் கோட்டையும் அங்ஙனம் அழிந்ததே. ஆயின், அக்கோட்டையில் ஊழியம் செய்திருந்த பழைய குடியினர், வெறுமையாய்க் கிடந்த அவ்விடத்திற் செரி மரங்களைக் கொணர்ந்து நட்டனர். இன்று வசந்த காலந்தோறும் அம்மரங்கள் பூத்துக் குலுங்க, நாட்டின் பல பாகங்களினின்றும் மக்கள் அங்கே திரள்கின்றனர். தக்கேதா என்னும் மலைக்கோட்டையிலோ கல்லடுக்குகளே எஞ்சின. கூதிர்காலத்து விடியலில் ஆற்றினின்று எழும் மூடுபனி மலையைச் சூழ, அக்கல்லடுக்குகள் மேகக்கடலின் நடுவே மிதப்பனபோலத் தோன்றும். அக்காட்சியை நாடி மக்கள் இருட்டிலேயே எழுந்து செல்கின்றனர். அரசரும் படையும் போயினர். பருவமோ ஆண்டுதோறும் தவறாது வருகின்றது. அதனைக் காண வரும் மக்களின் வழக்கமே அப்பாழிடங்களைக் காத்துவருகின்றது என்பது எம் கருத்து.

இனி நம் பக்கம் வருவோம். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தினின்று கடலோரமாக வடக்கே சென்றால் பழவேற்காடு எதிர்ப்படும். 1806இல் தொடங்கப்பெற்று, 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தின்பின் பக்கிங்காம் பிரபுவின் பெயர் பெற்ற கால்வாயும் எண்ணூரைக் கடந்து அவ்வேரியையே சென்றடைகின்றது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் முன்னாளில் அவ்வழியே சென்னைக்கு வந்துகொண்டிருந்தன.

ஒல்லாந்தர் 1610இல் விஜயநகர வேந்தராகிய வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டிற் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழிக்கவே, 1613இல் ஒல்லாந்தர் ஒரு கோட்டையை எழுப்பி, அதற்குத் தம் நாட்டு மாகாணமொன்றன் பெயரால் கெல்டிரியா எனப் பெயரிட்டனர். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்க்கு அதுவே தலைமையிடம். அங்கிருந்து சாயமிட்ட துணிகள் கடல்கடந்து சென்று வாசனைப் பண்டங்களுக்கு மாற்றாயின. மலேயா நாட்டார் தாம் உடுக்கும் கட்டமிட்ட கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்று அழைப்பது இவ்வூர்ப் பெயர்கொண்டே. கோட்டை 1825இல் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்பொழுதோ அவ்விடத்திற் புதரும் மேடும் அகழியின் சுவடுமே உள. அருகிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் காவலில் இருக்கின்றது. அதன் வாயிலிற் செதுக்கப்பெற்ற எலும்புக்கூட்டு உருவங்கள், செல்வம் தேடிக் கடல் கடந்து வந்தாரும் எய்திய முடிவு இதுவே என்று நினைப்பூட்டி நிற்கின்றன.

இத்துணை அழிந்த இடத்திற்குச் செரி மரம் ஏது என்று கேட்பீராயின், அதற்கு விடை வானத்தினின்று வருகின்றது. ஐப்பசி கார்த்திகை மழையால் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து ஏரியின் உவர்ப்பைத் தணிக்கின்றன. சேற்றிற் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண வரும் பூநாரைகள் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சல்லடைபோல் இரையை அரித்தெடுக்கும். மார்கழி தை மாதங்களில் அவை கூட்டங்கூட்டமாய் எழும்போது, வெண்மைக்குள்ளே மறைந்திருந்த செந்நிறம் சிறகுதோறும் விரியும். மரம் நடாமலே நமக்கு வாய்த்த வசந்தம் அதுவன்றோ!

இங்கே இரண்டு தடைகள் எழும். ‘அன்னியர் கட்டிய கோட்டையை நாம் ஏன் நினைத்தல் வேண்டும்? பஞ்சத்தில் நொந்த நம்மக்களை விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு அடிமைகளாய் ஏற்றியனுப்பியது இத்துறைமுகமன்றோ?’ என்பது முதலாவது. உண்மையே, 17ஆம் நூற்றாண்டில் அக்கொடுமை அங்கே நிகழ்ந்தது. ஆயினும் நினைத்தல் வேறு, புகழ்தல் வேறு. அவ்வடிமைகளுக்குக் கல்லறையுமில்லை, கல்வெட்டுமில்லை. அவர் கப்பலேறிய கரையையும் நாம் மறப்போமாயின், அவர்க்கு எஞ்சிய ஒரே சுவடும் அழிந்துபோம்.

‘மீனவர் வயிறு வாடுங்கால் பாழ்ங்கோட்டையும் பறவையும் ஒரு பொருட்டோ?’ என்பது மற்றொன்று. இதுவே நாம் ஆழ்ந்து எண்ணற்பாலது. மீனவர் வாழ்வும் பறவையின் வரவும் முகத்துவாரம் என்னும் ஒரே வாயிலால் நிலைபெறுவன. கோடையில் மணல் சேர்ந்து பழவேற்காட்டு முகத்துவாரம் அடைபடுமாயின், கடல்நீர் உட்புகாது. இறாலும் மீனும் குன்றும். படகும் வெளியேற இயலாது. ஏரி வற்றிப் பறவையும் இடம்பெயரும். முகத்துவாரக்குப்பத்தார்க்கு இதனை நாம் எடுத்துரைத்தல் வேண்டா. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்துவந்து வலையையும் படகையும் கூழைக்கடாக்களின் சிறகையும் ஒருங்கே கறைப்படுத்தியதையும் அவர் கண்ணாரக் கண்டவர். எண்ணூரில் நேர்ந்தது பழவேற்காட்டில் நேராவண்ணம் காப்பதே மீனவர்க்கும் பறவைக்கும் செய்யும் உதவியாம்.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இது: ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒருநாள் பழவேற்காடு செல்க. சரித்திர மாணவரும் விலங்கியல் மாணவரும் பிரிந்து செல்லாது ஒருங்கே செல்க. அவ்வூர் மீனவர் ஒருவரைத் தக்க ஊதியந்தந்து வழிகாட்டியாகக் கொள்க. நூல்கள் கூறாதன பலவற்றை அவர் கூறுவர். கல்லறைகளிற் பெயர் கீறாதீர். படகைப் பறவைக் கூட்டத்தின் நடுவே செலுத்திக் கலைக்காதீர். எத்துணைப் பறவை கண்டீர், முகத்துவாரம் எத்துணை அகலமாயிருந்தது, எந்தக் கல் புதிதாய்ச் சரிந்தது என்பவற்றைக் குறித்துவந்து, ஒவ்வோராண்டும் இம்மலரில் ஒரு பக்கமாக வெளியிடுக. பழைய மாணவர்களும் தத்தம் காலத்து நினைவுகளையும் படங்களையும் அனுப்பி அப்பக்கத்தை நிறைப்பாராக.

ஓராண்டுக் குறிப்பு சிறிதாகத் தோன்றலாம். ஐம்பது ஆண்டுகளின் மலர்களை அடுக்கி நோக்குங்கால், ஏரி பெருகியதோ சுருங்கியதோ என்பதற்கு மறுக்கவொண்ணாத சான்றாய் அஃது அமையும். கரையோரத்திற் புதிய தொழிற்சாலையோ துறைமுகமோ எழுப்பக் கருதுவார் முன்னிலையில், மீனவர் தம் வழக்கை உரைக்கும்போது அச்சான்று அவர் கையில் இருத்தல் வேண்டும். தகாத்தோ ஊரார் நட்டது மரம். நாம் நடக்கூடியது இக்குறிப்பேடு. வருகின்ற தை மாதத்திலேயே அதன் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குவோமாக.