குறைந்துபோன ஆசனங்கள்

2024 நவம்பரில், பதினைந்து ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணம் சென்றிருந்தோம். நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பத்து நாட்களே இருந்தன. பிறந்த மண்ணில் யேர்மன் கடவுச்சீட்டுடனும் ஒரு மாத விசாவுடனும் நின்ற எமக்குப் பார்வையாளர் என்ற பெயரே பொருந்திற்று.

தமிழ்க் கட்சிகள் பலவாய்ப் பிரிந்து நின்றன. வேட்பாளர்கள் தத்தம் விருப்பு இலக்கத்தை நினைவில் வைக்குமாறு படலைதோறும் வேண்டினர். வாசிகசாலையொன்றில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், யாருக்கு வாக்களிப்பதாக எண்ணம் என்று வினவினோம்.

"தம்பி, ஆருக்குப் போடவேணும் எண்டு வெளிநாட்டிலையிருந்து மூண்டு பேர் ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டினம். கேட்டது நீங்கள்தான்" என்றார்.

நாணிப்போனோம். அவ்வாறானதோர் அழைப்பை முந்திய மாதம் வேறொரு வீட்டுக்கு நாமும் எடுத்திருந்தோம்.

யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இல் அவை 7 ஆகின; 2024 இல் 6. வாக்காளர் இடாப்பின் எண்ணிக்கைப்படியே ஆசனங்கள் பங்கிடப்படுகின்றன. மாண்டவர் பெயரும் அதில் இல்லை. புலம்பெயர்ந்த எம் பெயரும் இல்லை. நாம் உயிர்தப்பி வந்தது குற்றமன்று. ஆயினும் நாம் இல்லாததன் விலையை அங்குள்ளோரே செலுத்துகின்றனர்.

2005 சனாதிபதித் தேர்தலில், புறக்கணிப்பு அழைப்புக்கும் அச்சத்துக்கும் இடையே, யாழ். மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. வாக்கை மற்றவர் தீர்மானித்த காலம் அது.

2024 இல் தேசிய மக்கள் சக்தி அந்த 6 ஆசனங்களில் 3 ஐ வென்றபோது, அம்மக்களை நன்றிகெட்டவர்கள் என இங்கே சிலர் ஏசினர். அம்முடிவை நாமும் விரும்பியிருக்கவில்லை. ஆனால் அரையாண்டுக்குள், 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில், அதே மாவட்டம் தமிழரசுக் கட்சியை முன்னிறுத்தியது. எடைபோட அவர்களுக்குத் தெரியும்.

இவ்வரிகளை வாசிப்போரில் பலருக்குப் புகலிட வழக்கே முடியவில்லை. அங்கும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை. அந்த வலியை நாம் அறிவோம். அதற்கு மருந்து உறவினரின் வாக்கை ஆள்வதன்று.

2013 இல் தெரிவான வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடப்பட்டு, மாகாணம் ஆளுநர் கையில் விடப்பட்டது. யாரைத் தெரிவதென்று சொல்வதை விடுத்து, தெரியும் உரிமை அவர்களுக்குக் காலந்தவறாது கிடைக்கவேண்டுமென இந்நாட்டு அரசியலாளரிடம் வாதாடுவோம். அது எமக்கு உரிய பணி.

இனியொரு தேர்தற் காலத்தில் ஊருக்குத் தொலைபேசி எடுத்தால், சொல்லாதிருப்போம், கேட்போம்.