யார் வீட்டுக் கல்யாணம்?

கல்யாண வீடுகளில் ஒருவிதமான மனிதரை நேயர்கள் பார்த்திருக்கலாம். பெண் வீட்டாரைக் கேட்டால், "பிள்ளை வீட்டு மனுஷர்" என்பார்கள். பிள்ளை வீட்டாரைக் கேட்டால், "பெண் வீட்டு மனுஷர்" என்பார்கள். அவரோ இரு வீட்டாரையும்விட அதிக உற்சாகத்துடன் பந்திக்குப் பந்தி ஓடிக்கொண்டிருப்பார். தாலி கட்டும் சமயத்தில் முதலில் ஜலம் ததும்புவது அவருடைய கண்ணில்தான். உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயம் நடக்கும் காலங்களில் கல்கத்தா நகரம் முழுவதுமே இப்படிப்பட்ட மனுஷராகிவிடுகிறது. (2001-ம் வருஷம் முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா. பழைய பெயர் நம் பேனாவை விட்டுப் போக மறுக்கிறது. வங்காளத்து நண்பர்கள் மன்னிப்பார்களாக!)

2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று நாம் வட கல்கத்தாவில் ஒரு நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அன்றிரவு எட்டரை மணிக்குக் கத்தார் தேசத்தில் அர்ஜென்டினாவுக்கும் பிரான்ஸுக்கும் இறுதி ஆட்டம். நண்பர் வசிக்கும் சந்தின் ஒரு கோடியில் நீலமும் வெள்ளையுமாக அர்ஜென்டினாவின் கொடிகள் அசைந்தன. மறு கோடியில் பிரேஸிலின் மஞ்சள் பச்சைக் கொடிகள் தொங்கின. ஆனால் அந்தக் கோடியில் துக்க வீட்டின் களைதான் இருந்தது. ஒன்பது நாளைக்கு முன்பு, நாற்பது லட்சம் ஜனங்கள்கூட இல்லாத குரோவேஷியாவிடம் பிரேஸில் தோற்று வெளியேறியிருந்தது.

நண்பர் பிரேஸில் கட்சி. எண்பது வயதான அவருடைய தகப்பனார் அர்ஜென்டினாக் கட்சி. பெரியவரும் ஒரு காலத்தில் பிரேஸில் கட்சியாகவே இருந்தவர்தானாம். 1977-ல் பீலே கல்கத்தாவுக்கு வந்து, ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் கழகத்துக்கு எதிராக ஆடியபோது நேரில் கண்டு களித்தவர். 1986-ல் மாரடோனாவை டெலிவிஷனில் பார்த்த பிறகு கட்சி மாறிவிட்டார். நமது சட்டசபை அங்கத்தினர் சிலரைப் போலன்றி, அவர் மாறியது ஒரே தடவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சந்தின் நடுவில் வாலிபர் சங்கத்தார் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். மார்கழிக் குளிருக்குப் பயந்து பெரியவர்கள் குரங்குக் குல்லாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாற்காலிகளில் வீற்றிருந்தார்கள். எழுபத்தொன்பது நிமிஷம் வரையில் அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. மிட்டாய்க் கடைக்கு ஆள் அனுப்பியாயிற்று. அப்போது எம்பாப்பே என்னும் பிரெஞ்சு வாலிபர் இரண்டே நிமிஷத்துக்குள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார். சந்தில் ஒரு மூச்சுச் சப்தம் இல்லை. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி மறுபடி ஒரு கோல் போட்டார். எம்பாப்பே அதையும் சமன் செய்தார். பெரியவர் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடிவில் பெனால்டி உதைகளில் 4-க்கு 2 என்று அர்ஜென்டினா ஜயித்தபோது, மாடிகளிலிருந்து பெண்கள் சங்கு முழக்கினார்கள், குலவையிட்டார்கள். கல்யாணமேதான்! பெரியவர் குழந்தையைப் போல் அழுதார்.

நாமும் கை தட்டினோம். ஆயினும் நம் மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை கொடிகளுக்கிடையே ஒரு மூவர்ணக் கொடியைக்கூட நாம் பார்க்கவில்லை. பெரியவரிடம் இதை மெல்லக் கேட்டோம்.

"கொடி இல்லாமல் என்ன? பெட்டியில் இருக்கிறது. எந்த ஆட்டத்துக்கு எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. ஏனெனில் கால்பந்தும் தேச பக்தியும் ஒன்றாகக் கை கோத்து நடந்த நகரம் அது. 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, அதே கல்கத்தாவில், ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு என்னும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கோஷ்டியை மோகன் பகான் வீரர்கள் 2-க்கு 1 என்று வென்று கேடயத்தைப் பெற்றார்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலர். பூட்ஸ் காலை வெறுங்கால் வென்ற அந்தச் செய்தி, அநேக பிரசங்கங்களால் ஆகாத காரியத்தைச் செய்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பிரான்ஸிடம் 2-க்கு 1 என்று தோற்றாலும், பெரும்பாலும் வெறுங்காலுடனேயே ஆடி உலகத்தை வியக்க வைத்தார்கள். அன்று நமக்கான ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1950-ல் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பைக்கு நமக்கு இடம் கிடைத்தது. நாம் போகவில்லை. பூட்ஸ் இல்லாததால் தடுத்துவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. நமது கோஷ்டித் தலைவராக இருந்த சைலேன் மன்னா பிற்காலத்தில் சொன்னது வேறு: ஒலிம்பிக்கைத்தான் நம்மவர்கள் பெரிதாக நினைத்தார்கள், உலகக் கோப்பையின் அருமை அப்போது தெரியவில்லை. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றோம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தோம். ஆனால் 1950-ல் நாம் நுழையாத வாசல், 2022 வரையில் மறுபடி திறக்கவே இல்லை.

குற்றம் ஆட்டக்காரர்களுடையது மட்டுந்தானா? 2018-ம் வருஷம் ஜூன் முதல் தேதி பம்பாயில் நமது தேசீய கோஷ்டி சீன தைபேயை 5-க்கு 0 என்று தோற்கடித்தது. தலைவர் சுனில் சேத்ரி மட்டும் மூன்று கோல் போட்டார். அந்த மகா நகரத்தில் பார்க்க வந்தவர்கள் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்! மறுநாள் சேத்ரி ஜனங்களைக் கை கூப்பி வேண்டிக்கொண்டார்: எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் நேரில் வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்பது அவ்வேண்டுகோளின் சாரம். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கட்டுகள் எல்லாம் விற்றுப்போயின. கேட்டால் வருகிறவர்கள்தாம் நம்மவர்கள். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறதே!

2024-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி நாம் மறுபடி கல்கத்தாவில் இருந்தோம். அன்று சால்ட் லேக் மைதானத்தில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நமக்கும் குவெய்த்துக்கும் ஆட்டம். சேத்ரி விடைபெறுவதாக அறிவித்திருந்த ஆட்டமும் அதுவே. ஜயித்திருந்தால், அதுவரை நாம் எட்டிப் பாராத மூன்றாம் சுற்றின் கதவு ஏறக்குறையத் திறந்திருக்கும். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருந்தார்கள். பெரியவரை நண்பரும் நாமும் இரு பக்கமும் தாங்கிப் படியேற்றினோம். உட்கார்ந்ததும் அவர் ஜிப்பாப் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து உதறினார். பெட்டியில் இருந்த மூவர்ணக் கொடி அது. மடிப்புகளில் நிறம் சற்று மங்கியிருந்தது.

தொண்ணூறு நிமிஷமும் அதற்கு மேலும் ஆடினார்கள். இரு தரப்பிலும் ஒரு கோல்கூட விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் தோழர்கள் இரு வரிசையாக நின்று மரியாதை செய்ய, சேத்ரி கண்ணீருடன் நடந்து போனார். (2025-ல் தேசம் மறுபடி அழைக்க, அவர் மறுபடி வந்தது தனிக் கதை.) ஐந்து நாளைக்குப் பிறகு தோஹாவில் கத்தாரிடம் 2-க்கு 1 என்று தோற்றோம். மூன்றாம் சுற்றும் கை நழுவிப் போயிற்று.

அன்றிரவு மைதானத்திலிருந்து இறங்கும்போது பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவர் கையமர்த்தினார்.

"அர்ஜென்டினா ஜயித்த அன்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அது ஊரார் வீட்டுக் கல்யாணம். இன்றைக்கு வருத்தப்படுகிறேன். இது நம் வீட்டு வருத்தம். நான் இதற்காகத்தான் வந்தேன்" என்றார்.

அயலார் வீட்டுக் கல்யாணத்தில் சந்தோஷப்படுவது குற்றம் அன்று. நல்ல ஆட்டத்தை எந்தத் தேசத்தார் ஆடினாலும் ரஸிப்பது உயர்ந்த குணமே. அந்தக் குணம் கல்கத்தாவுக்கு என்றும் வாழ்க! ஆனால் நம் வீட்டில் ஒரு பிள்ளை பந்தை உதைத்துக்கொண்டு நிற்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவாவது நாலு பேர் வேண்டாமா? நேயர்கள் வசிக்கும் ஊரிலும் ஒரு மைதானம் இருக்கும். அங்கே சாயங்கால வேளையில் பையன்களும், இக்காலத்தில் பெண் குழந்தைகளும், ஆடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் ஒரு மணி நேரம் போய் நின்று பாருங்கள். ஆட்டம் சுமாராகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஆடுகிறவர்கள் நம்முடைய குழந்தைகள்.