தோளுக்குக் கத்தி எதுக்குங்க?

நடுவட்டத்துல கொழுந்து பறிக்கிற எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு வருஷமா தோள்வலி. கையைத் தூக்கினா தசைநார் எலும்புல உரசுதாம். ஆபரேஷன் பண்ணிடலாம்னுட்டார் ஒரு டாக்டர். பண்ணினா மாசக்கணக்குல கூலி போச்சு!

அவசரப்படாதீங்கன்னுதான் நான் சொல்வேன். 2018ல் பின்லாந்து ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. எலும்பைச் செதுக்கி இடம் பண்ணினவங்களுக்கும், துளை போட்டு உள்ளே பார்த்துட்டு மட்டும் விட்டவங்களுக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு வலியில் பெரிய வித்தியாசமே இல்லை.

தசைநாருக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற பாரம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர்ற பயிற்சியைக் குறைஞ்சது மூணு மாசம் விடாம செய்யணும். இதுக்குக் கூலி போகாது. கீழே விழுந்து தசைநார் அறுந்திருந்தா மட்டும் கதை வேற. உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

பெரியம்மா ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆச்சு. வலி இன்னும் இருக்கு. ஆனா நேத்து அவங்களே கொண்டை போட்டுக்கிட்டாங்க :)