போதும் என்று சொன்னவர்

ஸ்பானிய மொழியில் 'நோ மாஸ்' என்று இரண்டு சொற்கள். தமிழில் ஒரு சொல்லே போதும்: 'போதும்.' பந்தியில் உட்கார்ந்தவர் இலைமேல் கையை நீட்டி இதைச் சொன்னால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பரிமாறுகிறவருக்கும் திருப்தி. அதையே குத்துச்சண்டை மேடையில் சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் அழியாத அவமானம். சொல் ஒன்றுதான். சொல்கிற இடம் அதன் பொருளைப் புரட்டிப் போட்டுவிடுகிறது.

1980 நவம்பர் 25. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உலகப் பட்டத்துக்கான போட்டி. சுகர் ரே லெனார்டுடன் மோதிக்கொண்டிருந்த பனாமா நாட்டு வீரர் ரொபர்ட்டோ துரான், எட்டாவது சுற்று முடியச் சில விநாடிகளே இருந்தபோது திடீரென்று திரும்பிக்கொண்டு, வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார். காயம் இல்லை. ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. புள்ளிக் கணக்கிலும் ஒன்றிரண்டுதான் பின்தங்கியிருந்தார். ஐந்து மாதம் முன்புதான் இதே லெனார்டை மாண்ட்ரியாலில் அடித்துப் பட்டத்தைப் பறித்தவர் அவர். இந்த முறை லெனார்ட் நின்று மோதவில்லை. ஆடினார், முகத்தைச் சுளித்துக் காட்டினார், வலக்கையைச் சுழற்றி வேடிக்கை காட்டிவிட்டு இடக்கையால் குத்தினார். கேலி தாங்காமல் துரான் விலகினார் என்றது உலகம். வயிற்றைப் பிசைந்தது என்றார் துரான். அந்த இரண்டு சொற்களைத் தான் சொல்லவே இல்லை என்றும் பின்னாளில் மறுத்தார். யாரும் கேட்கவில்லை.

கோழை என்ற பட்டம் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். பனாமா நகரின் எல் சோரியோ என்ற குடிசைப் பகுதியில் வளர்ந்த பையன். அமெரிக்க ராணுவத்தில் இருந்த தந்தை சின்ன வயதிலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 16 வயதில் பணத்துக்காகக் குத்துச்சண்டை போட ஆரம்பித்து, 1972-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கென் புகானனை வீழ்த்தி லைட்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அப்போது வயது 21. 'கல் கைகள்' என்பது அவருடைய பட்டப்பெயர். நியூ ஆர்லியன்ஸுக்கு முன்பு அவர் தோற்றது ஒரே ஒருமுறை. அத்தனையும் ஒரு கையசைப்பில் அடிபட்டுப் போயிற்று.

அதன் பிறகு வந்தது ஏற்ற இறக்கம். 1983-ல், தன் 32-வது பிறந்த நாளன்று, டேவி மூர் என்ற இளைஞரை எட்டாவது சுற்றில் முடித்து மூன்றாவது எடைப்பிரிவில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மார்வின் ஹேக்லரிடம் 15 சுற்றும் நின்று தோற்றார். 1984-ல் தாமஸ் ஹெர்ன்ஸ் அவரை இரண்டாவது சுற்றிலேயே குப்புற விழ வைத்தார். 1986-ல் ஹேக்லரின் தம்பி முறையான ராபி சிம்ஸிடமும் தோல்வி. இரண்டு போட்டிகளுக்கு நடுவே சாப்பிட்டுப் பருத்துவிடுவதும், தேதி நெருங்கியதும் பட்டினி கிடந்து இளைப்பதும் அவருக்கு வாடிக்கை. கதை முடிந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதியதில் தவறில்லை.

இந்த நிலையில்தான் 1989 பிப்ரவரி 24 அன்று அட்லாண்டிக் சிட்டியில் ஐரன் பார்க்லியை எதிர்த்து அவர் மேடை ஏறினார். பார்க்லி நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதிக்காரர். வயது 28. உயரம் ஆறடி ஓர் அங்குலம். துரானுக்கு 37 வயது. உயரம் ஐந்தடி ஏழு. அரை அடி வித்தியாசம். இன்னொரு கணக்கும் இருந்தது. துரானை இரண்டே சுற்றில் சாய்த்தவர் ஹெர்ன்ஸ். அந்த ஹெர்ன்ஸை 1988-ல், முகமெல்லாம் ரத்தம் வழிய நின்ற நிலையிலும், மூன்றாவது சுற்றில் சாய்த்து மிடில்வெயிட் பட்டத்தைப் பறித்தவர் பார்க்லி. அப்படியானால் பார்க்லியிடம் துரான் எத்தனை சுற்று நிற்பார்? சிறு பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

எடை விஷயம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்களைக் குவித்த மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவுகள் இல்லாததால் 51 கிலோவுக்கு ஏற வேண்டியிருந்தது. அந்த மூன்று கிலோ எவ்வளவு பெரிய சுமை என்று அப்போது பேசினோம். துரான் பட்டம் வெல்லத் தொடங்கிய லைட்வெயிட்டின் உச்சவரம்பு 135 பவுண்டு. மிடில்வெயிட்டுக்கு 160. ஏறக்குறைய 11 கிலோ வித்தியாசம். எதிராளிக்கு அது பிறவி எலும்பின் கனம். துரானுக்கோ வயது ஏற்றிவிட்ட சதை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த இரவில் நடந்தது என்ன? துரான் ஓடவில்லை. உயரமானவரின் பலம் தூரத்தில் இருக்கிறது; நீண்ட கை எட்டும், குட்டைக் கை எட்டாது. எனவே குட்டையானவர் எப்படியாவது உள்ளே நுழைய வேண்டும். இளைஞன் கால் வேகத்தில் நுழைவான். துரானுக்கு அந்தக் கால்கள் எப்போதோ போய்விட்டன. அவரிடம் மிச்சம் இருந்தவை தலையும் தோளும்தான். குத்து வரும்போது தலையை நாலு விரற்கடை நகர்த்துவார். தோளைத் திருப்பி வேகத்தைப் பாதியாக்குவார். எதிராளியின் கை திரும்புவதற்குள் வலக்கையைச் செலுத்துவார். மார்போடு மார்பாக நெருங்கிவிட்டால் நீண்ட கை மடக்க முடியாத குடை மாதிரி. இருபது ஆண்டுப் பழக்கத்தில் மட்டும் வருகிற சிக்கனம் இது.

ஆனால் அடி வாங்காமல் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். பார்க்லி சளைக்கவில்லை. விலாவிலும் வயிற்றிலும் ஓயாமல் குத்தினார். எட்டாவது சுற்றில் அவருடைய இடக்கைக் குத்து ஒன்று துரானை ஒரு சுழற்று சுழற்றியது. எட்டாவது சுற்று! விலகிப் போக நினைத்திருந்தால் காரணம் கையிலேயே இருந்தது. துரான் நின்றார். பதினோராவது சுற்றில் சரமாரியாக விழுந்த குத்துகளில் பார்க்லி தரையில் சாய்ந்தார். எழுந்துகொண்டார், கடைசி மணி வரை மோதினார். 12 சுற்று முடிந்தபோது மூன்று நீதிபதிகளில் இருவர் துரானுக்கும் ஒருவர் பார்க்லிக்கும் தீர்ப்பளித்தார்கள். முதல் பட்டம் வென்று 17 ஆண்டு கழித்து, நான்காவது எடைப்பிரிவில் பட்டம். குத்துச்சண்டை வட்டாரத்தில் வேதம்போல் மதிக்கப்படும் 'ரிங்' பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த சண்டை என்றது.

இந்தக் கதையை வழக்கமாக இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். களங்கம் துடைக்கப்பட்டது, வீரம் நிரூபிக்கப்பட்டது, சுபம். ஆனால் காலண்டர் அங்கே நிற்கவில்லை. அதே 1989 டிசம்பரில் லெனார்டை மூன்றாவது முறையாகச் சந்தித்த துரான் புள்ளிகளில் எளிதாகத் தோற்றார். அப்போதும் நிறுத்தவில்லை. 1998-ல், 47 வயதில், வில்லியம் ஜாப்பி என்ற இளம் பட்டக்காரர் அவரை மூன்று சுற்றுக்குள் அடித்து நொறுக்கியதை நடுவர் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. 2001-ல் 50 வயதிலும் மேடை ஏறினார். அதே ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த கார் விபத்துதான் கடைசியில் அவரை ஓய்வு பெற வைத்தது. மொத்தம் 119 போட்டிகள், 103 வெற்றிகள், 16 தோல்விகள்.

வேடிக்கை இதுதான். 29 வயதில், உடம்பில் கீறல் இல்லாதபோது, ஒருமுறை 'போதும்' என்றதற்காக அவரை ஊரே காறித் துப்பியது. 47 வயதில், சொல்லியே ஆகவேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கினார்கள்.

நியூ ஆர்லியன்ஸுக்கு எட்டு வாரம்கூட முன்பு இல்லை. 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் இன்னொரு சண்டை நடந்தது. 38 வயது முகமது அலி, லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்று அடி வாங்கினார். அலி 'போதும்' என்று சொல்லவில்லை. அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீதான் சொன்னார். நான்கு ஆண்டு கழித்து அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. குத்துகள்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவை நன்மை செய்திருக்கவும் வழியில்லை. அலியின் பிடிவாதத்தை வீரம் என்றோம், துரானின் விலகலைக் கோழைத்தனம் என்றோம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது எட்டு வாரம்தான்.

அட்லாண்டிக் சிட்டி வெற்றியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன்னைவிட இளையவர், உயரமானவர், பலசாலி ஒருவரை வெறும் அனுபவத்தை வைத்துக்கொண்டு வென்ற இரவு அது. இன்று பார்த்தாலும் பிரமிக்க வைக்கும். ஆனால் அந்த வெற்றிக்கு அப்படியொரு பசி ஏன் வந்தது? ஒரு நாள் தவறை எட்டு ஆண்டு மறக்க மறுத்த நாம்தான் அந்தப் பசியை வளர்த்தோம். பசி தீர்ந்த பிறகும் எழுந்திருக்க அவருக்குத் தெரியவில்லை. இலைமேல் கை நீட்டினால் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு மறந்திருக்காது.