மரம் இறங்கிய பாதை

திண்டிவனம் என்பதற்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வர். அவ்வூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பரம்பிக்குளம் செல்லும் நாம், காட்டினூடே பழைய டிராம் பாதையில் நடந்துவிட்டு, இடிபாடுகளின் அழகை எழுதுகிறோம்.

கொச்சி சமஸ்தானம் அமைத்த அப்பாதை, 1907 முதல் தேக்கையும் ஈட்டியையும் சுமார் 80 கிலோமீட்டர் கடந்து சாலக்குடிக்குக் கொண்டு சேர்த்தது. செங்குத்துச் சரிவுகளில், இறங்கும் மரச்சுமையின் எடையே காலி வண்டிகளை மேலே இழுத்தது. பொறியியல் நேர்த்திதான், இறங்கியதோ காடர்கள் வாழ்ந்த காடு. 1963இல் பாதை கைவிடப்பட்டது.

இன்று கன்னிமாரா தேக்கை அண்ணாந்து வியக்கும் நாம், அதனோடு நின்ற மரங்கள் எங்கே என்று கேட்பதில்லை. அக்கேள்வி எழாத பயண எழுத்து அரைகுறையானதே. பெயரில் மட்டும் வனம் தங்கிய ஊரார் நாம். முதலில் நாமல்லவா கேட்க வேண்டும்?