கட்டப்படாத நகரின் கணக்கு

பெர்லின் நகரின் டெம்பல்ஹோஃப் பகுதியில் 12,650 டன் எடையுள்ள கான்கிரீட் உருளை ஒன்று இன்றும் நிற்கிறது. சுமார் 117 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்ட வெற்றி வளைவை அந்நகரின் மண் தாங்குமா என்று சோதிக்க 1941-இல் கட்டப்பட்டது அது. சில ஆண்டுகளில் சுமார் 19 சென்டிமீட்டர் மண்ணில் அமிழ்ந்தது. வளைவு எழவேயில்லை.

1937 ஜனவரி 30 அன்று, 31 வயதான ஆல்பர்ட் ஷ்பேரைத் தலைநகரின் தலைமைக் கட்டுமான ஆய்வாளராக ஹிட்லர் நியமித்தார். 'ஜெர்மானியா' என்று பின்னாளில் அறியப்பட்ட திட்டம் அங்கிருந்து வேகம் பெற்றது. வடக்கு தெற்காக ஒரு மாபெரும் சாலை; அதன் ஒரு முனையில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கூடக்கூடிய, சுமார் 290 மீட்டர் உயரக் குவிமாட மண்டபம்; 1950-க்குள் நிறைவு என்பது இலக்கு. போர் குறுக்கிட்டதால் பெரும்பகுதி வரைபடத்தோடு நின்றது.

நல்லவேளையாக ஒரு பைத்தியக்காரக் கனவு கலைந்தது என்று இதைச் சொல்லி முடிப்பது வழக்கம். பொருளியல் நோக்கில் அந்த முடிவு சரியன்று. நகரம் எழவில்லை, ஆனால் அதற்கான விலை வசூலிக்கப்பட்டுவிட்டது.

முதலில் பணம். மொத்தச் செலவு எவர் கண்ணிலும் படாதவாறு, பல துறைகளின் நிதி ஒதுக்கீடுகளில் அதைப் பிரித்து வைப்பதே உத்தியாக இருந்தது என்று ஷ்பேர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்கும் நாடாளுமன்றமோ எழுதும் பத்திரிகையோ இல்லாத நாட்டில் இந்த உத்திக்குத் தடையேதும் இல்லை.

அடுத்தது கல். 1938-இல் எஸ்.எஸ். அமைப்பு கட்டுமானப் பொருள்களுக்காகவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. ஷ்பேரின் அலுவலகம் அதற்கு முன்பணம் அளித்தது. கருங்கல் குவாரிகளை ஒட்டியே ஃப்ளோசன்பர்க், மவுத்ஹவுசன் வதைமுகாம்கள் அமைந்தன. சாக்சன்ஹவுசன் கைதிகள் செங்கல் சூளையில் வேலை வாங்கப்பட்டனர். மவுத்ஹவுசனிலும் அதன் கிளை முகாம்களிலும் மட்டும் குறைந்தது 90,000 பேர் மாண்டனர். கூலி கொடுக்க வேண்டியிராத உழைப்பு மலிவானதாகத் தோன்றும். உண்மையில் அதன் விலை உழைத்தவரின் உயிராக இருந்தது. எந்தப் பேரேட்டிலும் அது பதிவாகவில்லை.

மூன்றாவது வீடு. பெர்லினில் ஏற்கெனவே கடும் வீட்டுப் பஞ்சம். இடிக்கப்படும் கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு வேண்டும். புதிதாகக் கட்டுவதற்குப் பதிலாக, யூதர்களின் குடியிருப்புகளைக் கணக்கெடுத்து அவர்களை வெளியேற்றியது ஷ்பேரின் அலுவலகம். 1941 அக்டோபரில் பெர்லின் யூதர்களைக் கிழக்கே நாடுகடத்தும் ரயில்கள் புறப்பட்டன. அரசியல் அறியாத தொழில்நுட்பராகத் தம்மைக் காட்டிக்கொண்ட ஷ்பேர், நியூரம்பெர்க் தீர்ப்பின்படி 20 ஆண்டு சிறையிருந்து 1966-இல் விடுதலையானார். வீடு பறிப்பில் அவரது அலுவலகத்தின் பங்கை ஆய்வாளர்கள் ஆவணங்களின் வழி விரிவாக நிறுவியது அதற்குப் பிறகுதான்.

பிரம்மாண்டத் தலைநகர் என்னும் ஆசை அந்த ஆட்சியோடு மறைந்துவிடவில்லை. 2005-இல் மியான்மரின் ராணுவ ஆட்சி, மக்களைக் கேளாமலே தலைநகரை நேப்பிடாவுக்கு மாற்றியது. எகிப்தில் 2015-இல் அறிவிக்கப்பட்ட புதிய நிர்வாகத் தலைநகரை, ராணுவ அமைப்புகள் பெரும்பான்மைப் பங்கு வைத்துள்ள ஒரு நிறுவனம் கட்டிவருகிறது. அரசின் வரவு செலவுத் திட்டத்துக்குச் சுமையில்லை என்பது அந்நாட்டு அரசின் வாதம். நாஜிகளின் குற்றங்களோடு இவற்றைச் சமப்படுத்துவது நியாயமாகாது. எனினும், ஒரு செலவு வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே இருப்பதாலேயே அது செலவில்லை என்றாகிவிடாது. அரசு நிலமும் பொதுச் சொத்தே. அரசு செலுத்தும் வாடகையும் மக்கள் பணமே.

புதிய தலைநகரங்கள் எல்லாமே வீண் என்பதல்ல வாதம். நெரிசலைக் குறைக்கவும் பின்தங்கிய பகுதியை வளர்க்கவும் அவை தேவைப்படலாம். ஆனால் முழுச் செலவு ஓரிடத்தில் தொகுத்துக் காட்டப்பட்டிருக்கிறதா, அதைத் தணிக்கை செய்வோர் யார், வெளியேற்றப்படுவோர் நீதிமன்றத்தை அணுக முடியுமா என்பவை கட்டடத்தின் உயரத்துக்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை. பெர்லினில் மண்ணின் தாங்குதிறனைச் சோதிக்கப் பொறியாளர்கள் இருந்தார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை மட்டும் எவருக்கும் இருக்கவில்லை.