லீவும் ஒரு கூலிதான்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

தென்மலைப் பக்கம் உள்ள பதிமூன்று கண் பாலத்தின் படங்களைப் போன வாரம் போட்டிருந்தேன். அதற்குக் கீழே மூன்று விதமான கேள்விகள் வந்தன. "டீச்சர், மாசத்துக்கு ஒரு ஊர் போறீங்களே, எப்படிக் கட்டுப்படியாகுது?" என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். "மதினி, நீங்க கிளம்பிட்டா வீட்டை யாரு பாக்கா?" என்று சொந்தத்தில் கேட்டார்கள். மூன்றாவது கேள்வி சிவகாசி பக்கம் பயர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவியுடையது. "எங்களுக்கெல்லாம் லீவு ஏது டீச்சர்?" என்று ஒரே வரி. முதல் இரண்டுக்கும் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். இந்தப் பதிவை எழுதவைத்தது மூன்றாவது கேள்விதான்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பென்ஷன் வருகிறது. வேலையில் இருந்த காலத்தில் மே மாதம் முழுக்க விடுமுறை, சம்பளத்தோடு. அதனால் நான் பயணம் போவதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஸ்லீப்பர் வகுப்பு, வீட்டில் கட்டிய புளியோதரை, கோயில் பக்கத்தில் எளிய தங்கும் விடுதி, கூட வர மூன்று ரிட்டயர்டு டீச்சர்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்பே டிக்கெட் போட்டுவிடுவேன். (முன்பு 120 நாள் இருந்தது, 2024 நவம்பரில் இருந்து 60 ஆக்கிவிட்டார்கள்.) மூத்த குடிமக்களில் பெண்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் ஆண்களுக்கு 40 சதவீதச் சலுகையும் இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அதுவும் ஒரு வருத்தம்தான். ஆனாலும் எங்கள் நால்வருக்கும் சமாளிக்க முடிகிறது. காரணம், நாங்கள் ஊருக்குப் போகிற நாளிலும் எங்கள் வருமானம் நிற்பதில்லை.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த மாணவி சொன்னதன் சாரம் இதுதான்.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். கணவன், மனைவி இரண்டு பேரும் பயர் ஆபீஸில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் ராமேஸ்வரம் போய் வர நினைக்கிறார்கள். பஸ், சாப்பாடு, தங்குவது எல்லாம் சிக்கனமாக 4,000 ரூபாய் என்று வையுங்கள். என்னைப் போன்றவர்களுக்குச் செலவு அதோடு முடிந்தது. அவர்களுக்கு அந்த மூன்று நாள் கூலி 3,000 ரூபாய் சனிக்கிழமை சம்பளத்தில் குறையும். ஆக 7,000. அதே ராமேஸ்வரம், அதே கடல். எனக்கு 4,000, அவர்களுக்கு 7,000. குறைவாகச் சம்பாதிப்பவருக்குப் பயணம் கூடுதல் விலையில் விற்கப்படுகிறது. நாலு நாள், ஐந்து நாள் என்று நீண்டால் இழக்கும் கூலியும் கூடிக்கொண்டே போகும்.

அதனால்தான் "காசு சேர்த்து வச்சு ஊரைப் பாரு" என்று அவர்களுக்குப் புத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களிடம் குறைவது சிக்கனம் இல்லை. நம் ஊர்ப் பெண்களைவிடச் சிக்கனமாக ஒரு குடும்பத்தை யார் நடத்திவிட முடியும்? குறைவது சம்பளத்தோடு ஒரு லீவு.

"பீஸ் ரேட்டுக்கு ஏது டீச்சர் சம்பள லீவு?" என்று கேட்பீர்கள். சட்டத்தில் இருக்கிறது. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருஷம் சம்பளத்தோடு விடுப்பு. 240-ஐ 20-ஆல் வகுத்தால் 12 நாள். பீஸ் ரேட்காரருக்கு எப்படிக் கணக்கிடுவது என்பதும் அதிலேயே உண்டு. லீவுக்கு முந்தைய மாதம் அவர் வேலை பார்த்த நாட்களில் சம்பாதித்ததன் சராசரிதான் ஒரு நாள் சம்பளம். நம் உதாரணப்படி ஆளுக்கு 6,000 ரூபாய், இரண்டு பேருக்கும் 12,000. ராமேஸ்வரமும் போகலாம், கன்னியாகுமரியும் போகலாம், மிச்சமும் இருக்கும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 240 நாள் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. மழைக்காலத்தில் மருந்து காயாமல் வேலை நின்றுபோகும் நம் ஊருக்கு இது பெரிய விஷயம். இது தவிர, தமிழ்நாட்டின் 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி தேசிய விடுமுறை 4, பண்டிகை விடுமுறை 5, ஆக வருஷத்துக்கு 9 நாளுக்கும் சம்பளம் உண்டு.

இதையெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிற முதலாளிகளை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவர்களே இருக்கிறார்கள். "அப்படி ஒண்ணு இருக்கா டீச்சர்?" என்று கேட்கிற தொழிலாளிகளையும் தெரியும். இவர்கள்தான் அதிகம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கும் நாள்காட்டிகளில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சடித்தவை. ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் போட்டுப் பூசை செய்து தொடங்கும் வேலை, மார்கழி வரை ராத்திரி பகலாக ஓடும். ஊருக்கெல்லாம் எந்த நாள் லீவு என்று சிவப்பு மையில் அச்சடிக்கிற கைகளுக்கு அந்தச் சிவப்பு நாட்கள் பாதிக்கு மேல் கறுப்பு நாட்கள்தான்.

"தீபாவளி முடிஞ்சதும் பயர் ஆபீஸை மூடிப்போடுறாங்களே, அது லீவு இல்லையா?" என்று கேட்கலாம். இல்லை. அது வேலை இல்லாத நாள். 2018 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது யாராவது குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனார்களா? நகையை அடகு வைக்கத்தான் போனார்கள். எங்காவது விபத்து நடந்து, ஆய்வு என்று மூடினாலும் அதே கதைதான். அடுப்பு எரியுமா என்ற கவலையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கக் கூடாது. திரும்பி வந்தால் வேலை இருக்கும், போன நாளுக்குச் சம்பளமும் இருக்கும் என்ற நிம்மதி இருந்தால்தான் அது லீவு.

இத்தனைக்கு நடுவிலும் நம் ஜனங்கள் ஊருக்குப் போகாமல் இல்லை. எப்படி? சாமி பேரில். கார்த்திகை பிறந்தால் ஆண்கள் மாலை போட்டு மலைக்குப் போகிறார்கள். பெண்கள் செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூர் போகிறார்கள். இருக்கன்குடி, பழனி பாதயாத்திரை, அமாவாசைக்குச் சதுரகிரி. வாரம் நூறு, இருநூறு என்று சீட்டுக் கட்டி வேன் பிடிக்கிறார்கள். பக்தி இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. "கடல் பார்க்க ஆசையா இருக்கு, மூணு நாள் லீவு வேணும்" என்று போர்மேனிடம் ஒரு பெண் கேட்டுப் பார்க்கட்டும், சிரிப்பார். வீட்டில் மாமியாரிடம் கேட்டால் அதற்கும் மேலே. "நேர்த்திக்கடன்" என்று சொன்னால் இரண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டார்கள். நம் தாய்மார்கள் கண்டுபிடித்த லீவு லெட்டர் அது. சாமி கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். சாமி கையெழுத்து இல்லாமலும், "எனக்குப் பார்க்கணும்" என்ற ஒரே காரணத்துக்காகவும், ஒரு பெண் பெட்டி கட்டும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது தொழில் நடத்தும் என் மாணவர்களுக்கு. போட்டி, விலை, வழக்கு என்று உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆர்டர் நெருக்கும்போது நாற்பது பேர் ஒன்றாக லீவு கேட்டால் முடியாதுதான். அதனால்தான் சொல்கிறேன், தீபாவளிக்குப் பிறகு எப்படியும் மூடுகிறீர்களே, அதில் அவர்கள் சம்பாதித்த 12 நாளைச் சம்பளத்தோடு, அவர்களிடம் கேட்டுப் பேசி, முன்கூட்டியே தேதி சொல்லிக் கொடுங்கள். நீங்கள் தனியாக மூடுவதும் அவர்கள் தனியாகப் பட்டினி கிடப்பதும், ஒரே செலவில் ஒரு குடும்பத்தின் பயணமாக மாறிவிடும். "லீவு வேண்டாம், காசாகக் கொடுங்க" என்று அவர்களே கேட்பார்கள், அதுவும் தெரியும். கடன் இருக்கிறவர் அப்படித்தான் கேட்பார். முதல் வருஷம் கேட்பார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வந்துவிட்டால் அடுத்த வருஷம் லீவையே கேட்பார்.

இது புது யோசனையும் இல்லை. பிரான்ஸில் 1936-ல் பெரிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு தொழிலாளிகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பள விடுப்பு என்று சட்டம் போட்டார்கள். கூடவே ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்துத் தனி டிக்கெட்டும் விட்டார்கள். அந்தக் கோடையில்தான் எத்தனையோ மில் தொழிலாளிகள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். வெறும் லீவு கொடுத்தாலும் போதாது, வெறும் டிக்கெட் சலுகை கொடுத்தாலும் போதாது, இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்று அப்போதே புரிந்திருக்கிறது. நம் ஊரில் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை. நல்ல திட்டம். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போக உதவுகிறது. அதோடு நாலு நாள் சம்பள லீவும் கையில் இருந்தால் அது இன்னும் எவ்வளவு தூரம் போகும்!

பயணம் வீண் செலவு என்று நினைக்கிற பெரியவர்களுக்கு ஒரு ஞாபகம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தப் பயணம் இல்லை என்றால் குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய சிவகாசி ஏது? வானம் பார்த்த பூமி ஒன்று தொழில் நகரமானதற்குப் பின்னால் ஒரு ரயில் டிக்கெட் இருக்கிறது.

அடுத்து, ஐ.டி.யிலும் பேங்கிலும் இருக்கும் பிள்ளைகளே. உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு இருக்கிறது. எடுப்பதில்லை. "மேனேஜர் முகம் சுளிப்பார்", "ரிலீஸ் இருக்கு" என்று தள்ளிப்போட்டு, மார்ச்சிலோ டிசம்பரிலோ அது காலாவதி ஆகிறது. அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு நாடு முழுமைக்குமான சம்பள லீவுச் சட்டமே இல்லை, அங்கே கம்பெனி கொடுப்பதுதான். சிங்கப்பூரில் முதல் வருஷமே 7 நாள் கட்டாயம், படிப்படியாக 14 வரை ஏறும். எங்கே இருந்தாலும் சரி, உங்கள் லீவும் உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி. ரூபாய் நோட்டைக் குப்பையில் போடுவீர்களா? "ரிட்டயர் ஆனதும் போகலாம்" என்பவர்களுக்கு: என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் காசிக்கு முப்பது வருஷம் திட்டம் போட்டார். பென்ஷன் வந்தது, முழங்கால் போய்விட்டது. கடன் வாங்கி, மாதத் தவணையில் வெளிநாடு போவதையும் நான் ஆதரிக்கவில்லை. படம் போடுவதற்காகப் போகிற பயணத்துக்கு வட்டி கட்டுவது வீண்.

சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டை யார் பார்ப்பார்கள்? வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். சமையலுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட லீவு இல்லாத வேலை வீட்டு வேலை. அதற்கு எந்தச் சட்டமும் வரப்போவதில்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். மருமகள்களையும் நாத்தனார்களையும் வருஷத்தில் நாலு நாள் வெளியே அனுப்புங்கள். ரசம் வைக்கத் தெரியாத ஆம்பிளைகள் அந்த நாலு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

கடைசியாகக் காசு சேர்க்கும் வழி. விருதுநகர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்தும், வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தும் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. காமராஜர் படித்த பள்ளி அப்படி வளர்ந்ததுதான். செலவு போக மிச்சத்தைச் சேர்க்கவில்லை, முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் சமைத்தார்கள். பயணத்துக்கும் அதே பிடி அரிசிதான். நாளைக்கு 20 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7,300. ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உள்ள பணத்தில் கை வைக்காமல், தனி உண்டியலில். முதல் வருஷம் குற்றாலம் போங்கள், ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவி போங்கள். அடுத்த வருஷம் ராமேஸ்வரம் போய், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் கடலைத் தாண்டுங்கள். தூரம் முக்கியமில்லை.

பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸில் இருக்கும் என் பிள்ளைகளே, இந்த வருஷம் எத்தனை நாள் வேலை பார்த்தோம் என்று நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டு வையுங்கள். வருஷக் கடைசியில் எண்ணி, 20-ஆல் வகுத்து, வந்த விடையைக் கணக்குப்பிள்ளையிடம் மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பத்துப் பேராகக் கேளுங்கள். முதலாளிகளாக இருக்கும் என் பிள்ளைகளே, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே கொடுத்துவிட்டால் உங்கள் டீச்சருக்கு அதைவிடப் பெருமை வேறு இல்லை. அப்படிக் கொடுத்தவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள், மற்றவர்களுக்கும் தைரியம் வரும்.

எல்லோரும் நல்லா இருங்க.